ஒடிந்த தண்டு

தோவாளைப் பூச்சந்தையில் காலை ஏழு மணி. கூடைகளுக்கு நடுவே நின்று, துருக்கியில் வாங்கிய பீங்கான் தட்டைப் பிரித்துப் பார்க்கிறேன். இனயம் ஊரில் இன்று தோழியின் மகளுக்குக் கல்யாணம், இது அவளுக்கு. நல்லவேளை, பேருந்துக் குலுக்கலில் கீறல்கூட விழவில்லை. வெள்ளையின் மேல் நீலமும் சிவப்புமாய் வரைந்த பூக்கள் ஈரம் காயாததுபோல் மின்னுகின்றன.

மாலை கட்டும் செல்வி அக்கா எட்டிப் பார்க்கிறார். "இதென்ன பூவாக்கும் மக்கா?"

துருக்கியில் கடைக்காரர் சொன்னதைக் கடகடவென்று ஒப்பிக்கிறேன். "இந்த டூலிப் பூவுக்குக் கடவுள்னு அர்த்தமாம் அக்கா. ரோஜா நபிகளாம். மாதுளம்பூ பிள்ளைச் செல்வம்."

ஒன்றை மட்டும் நான் அவரிடம் கேட்கவில்லை. டூலிப்பின் தண்டு பாதியில் ஒடிந்து மடங்கியிருக்கிறது. கல்யாண வீட்டில் ஒடிந்த பூவைக் கொடுப்பதா?

அக்காவிடம் கேட்டேவிடுகிறேன். அவர் விளிம்பை விரலால் ஒரு சுற்று சுற்றுகிறார். "ஒடிக்கலேன்னா பூவு வட்டத்துக்கு வெளிய போவுமே! பூவு வாடிச்சா, பாரு? தலை நிமிந்துல்லா நிக்குது!"

மடியிலிருந்த, பூக்களை மடித்து மடித்துக் கட்டும் தோவாளை மாணிக்க மாலையைத் தூக்கிக் காட்டுகிறார். அதில் ஒவ்வொரு அரளியும் மடங்கியிருக்கிறது, ஒன்றுகூடக் கசங்கவில்லை.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருக்கிறது, கையில் பீங்கான். அக்காவோ எதிர்க்கடையைப் பார்த்துக் கூவுகிறார்:

"ஏட்டி, ஓடி வா! துருக்கியிலயும் பூ கட்டத் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா!"