தீயில் என் மகள் இறங்காத வருஷம்

என் கடைசி மகள் பதினைந்து வயதில், நூறு மீட்டர் ஓட்டத்தில் நாட்டிலேயே வேகமான பள்ளிக்கூடப் பிள்ளை என்று பேர் எடுத்தாள். பேப்பரில் படம் வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் பேரை மட்டும் ஒரே மூச்சில் படித்தேன். அந்தச் சந்தோஷத்தில், அவள் ஓடும்வரை வருஷா வருஷம் தீ மிதிப்பாள் என்று எங்கள் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அவளும் மிதித்தாள்.

ஆனால் பதினைந்து வயதில் ஓடிய வேகம் பிறகு வரவே இல்லை. ஒரு வருஷம் தொடை பிடித்துக்கொள்ளும், ஒரு வருஷம் முட்டி. முன்பு அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களே, "இன்னுமா ஓடுது உங்க பொண்ணு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இருபத்தெட்டும் ஆகிவிட்டது.

இந்த வருஷம் சிரம்பானில் மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் ஓட்டம், திருவிழாவுக்கு அடுத்த வாரம் வந்தது. இதில் விட்டால் இனிமேல் கூப்பிட மாட்டார்கள், தீப்பக்கமே போகாதே என்று கோச் சொல்லிவிட்டார்.

கோயில் தலைவர் வாசலில் வந்து நின்றார். "வேண்டுதல் சாமிக்கு, கோச்சுக்கு இல்ல லா."

மகள் பசியாறிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வேண்டுனது அம்மாதானே மாமா. அம்மாவே இறங்கட்டும்."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் மஞ்சள் சேலையை எடுத்துவிட்டேன். எழுபதை நெருங்கும் உடம்பு, தீக்குழியில் ஓட முடியுமா? நடந்தேன். பின்னால் வந்தவன், "அக்கா, பசாருக்கு மீன் வாங்கப் போற மாதிரி நடக்காதீங்க, என் காலு வேகுது!" என்று கத்தினான். கரையேறினால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

காலில் துணி சுற்றிக்கொண்டுதான் சிரம்பான் திடலுக்குப் போனேன். மூன்று பேரை எடுத்தார்கள். என் மகள் நாலாவது. முன்னால் போன மூன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஓட்டம் முடிந்ததும் ஆசையாய் ஓடிவந்து இவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இவளும் சிரித்தபடி நின்றாள், ஒரு கை தொடையைப் பிடித்தபடி.

திடலுக்கு வந்திருந்த கோயில் தலைவர் விடவில்லை. "தீ மிதிச்சிருந்தா ஜெயிச்சிருப்பா."

"போன வருஷம் மிதிச்சாளே, அப்ப மட்டும் பறந்தாளா?" என்றேன்.

வீட்டுக்கு வந்து மகள் என் காலுக்கு மருந்து போட்டாள். "போதும்மா. இனிமே ஓடல."

"சரி," என்றேன்.

அழுவாளோ என்று பார்த்தேன். அழவில்லை. "தேத்தண்ணி வேணும். யாரு எந்திரிக்கிறது?" என்றாள்.

இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.