படத்துக்குக் கீழே ரெண்டு வரி

போட்டோவை ஒட்டப் பசை போதும். அதன் கீழே ரெண்டு வரி எழுதத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. காஞ்சீபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நான் அந்த ஆளாக இருந்தேன். ஆல்பத்தின் கறுப்பு அட்டையில், வெள்ளை மையால், வந்தவர்கள் சொல்வதை எழுதுவேன். பிறர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் பேனா பிடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சிரிக்காத படம்

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏகாம்பரம் என்ற நெசவாளி வந்தார். பிரசவத்தில் மனைவி தவறிப்போய், பெண் குழந்தை மட்டும் பிழைத்திருந்தது. கல்யாணத்தன்று எடுத்ததுதான் அந்த அம்மாளின் ஒரே படம். அந்தக் காலத்தில் காமிரா முன்னால் யார் சிரித்தார்கள்? விறைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

வழக்கம்போல இறந்த தேதியைக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "அதெல்லாம் வேணாங்க. 'கனகம்மா, சிரிச்சா கன்னத்துல குழி விழும்'னு எழுதுங்க" என்றார். இப்படி யாரும் எழுதச் சொன்னதில்லையே என்று நான் தயங்கினேன். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "படத்துல மொறச்சிக்கினு இருக்குதுங்க. நாளைக்கு எம் பொண்ணு பாத்துட்டு, அம்மா கோவக்காரின்னு நெனச்சிக்கக் கூடாது இல்ல?"

அழிக்க வந்த வார்த்தை

சின்ன காஞ்சீபுரத்து வாத்தியார் ஒருவர் தம் மகள் வைதேகியின் கல்யாண ஆல்பத்தை என்னிடம்தான் எழுதக் கொடுத்தார். அவள் பெயருக்கு முன்னால் 'சௌபாக்கியவதி' என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். மறு வருஷமே மாப்பிள்ளை விஷ ஜுரத்தில் போய்விட்டார்.

வாத்தியார் ஆல்பத்தோடு திரும்பி வந்தார். "வரவா போறவா எல்லாம் அதைப் படிச்சுட்டு அவளைப் பார்க்கறா. சுரண்டிடுங்கோ" என்றார். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்று தடுத்துக்கொண்டே பின்னால் வந்திருந்த வைதேகி, பாழ்நெற்றியோடு வாசற்படியில் நின்றாள். கடைசியில் ஒரு எழுத்தும் அழியாமல்தான் ஆல்பம் வீடு திரும்பியது. நான் கத்தியை எடுத்தபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "அன்னிக்கு அது வாஸ்தவந்தானேப்பா, இருந்துட்டுப் போகட்டுமே."

பெயர்

வாலாஜாபாத் நெல் மில்லில் வேலை செய்தவரும் அவர் மனைவியும் ஒரு படத்தைக் கொண்டுவந்தார்கள். தூங்குவதுபோல் கிடத்தி எடுத்த சிசுவின் படம். பெயர் என்ன என்று கேட்டேன். "வைக்கிறதுக்குள்ள போயிடுச்சுங்க. 'குழந்தை'ன்னு போட்டுடுங்க" என்றார் அவர்.

நான் பேனாவை மையில் தோய்த்தேன். அதுவரை வாய் திறக்காத அந்த அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கணவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "பேரு இருக்குதுங்க, ராசு. வயித்துல இருக்கும்போதே நான் அப்படித்தான் கூப்ட்டுக்கினு இருந்தேன்."

இத்தனை வருஷத்தில் என் கையெழுத்து அழகாயிருக்கிறதென்று ஒருவர்கூடச் சொன்னதில்லை, எழுதியதைப் படிக்கும்போது எவர் கண்ணாவது காய்ந்திருந்தால்தானே!