அம்சவல்லி கூவிய விலை

சந்தைக்கு முதல் நாள், விற்க நிறுத்தியிருந்த குதிரையே தரகர் ஐயாவுவின் வலது கையை மிதித்து நொறுக்கிவிட்டது! விதிக்கு ஈவிரக்கம் உண்டா?

"நான் போறேன்பா" என்றாள் மகள் அம்சவல்லி.

இருபத்தெட்டு வயது. கட்டியவன் சிங்கப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்த, அழுது தீர்த்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பிறந்த வீடு வந்தவள். குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்வாள். சுழி பார்த்துக் குணம் சொல்வாள்.

"ஒண்ணாவது வித்துட்டு வா, தொழில் உன்னுது" என்றார் ஐயாவு. "இல்லேன்னா எல்லாத்தையும் தலைமுழுகிட்டு உன்னைச் சித்தப்பா வீட்டுக்கு அடுப்பூத அனுப்பிடுவேன்."

ஐயாவு கறுப்பைத் தவிர வேறு நிறம் தொடமாட்டார். மறுநாள் மாயவரத்துக்கு வெளியே, காவேரிக் கரைச் சந்தையில் மூன்று கருங்குதிரைகளோடு நின்றாள் அம்சவல்லி. காதுநுனிகள் வணக்கம் சொல்வதுபோல் கூடி நிற்கும் மார்வாரிக் குதிரை. மெட்ராஸ் பந்தயத்தில் தோற்று வந்த நெடுங்கால் சீமைக்குதிரை. பானை வயிற்று நாட்டு மட்டக்குதிரை.

கூட்டம் வந்தது. பார்த்தது. போய்விட்டது!

குதிரை பேரம் துண்டுக்கடியில் நடப்பது. வாங்குபவனும் விற்பவனும் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. ஒரு பெண்ணின் விரலை எந்த ஆண் பிடிப்பான்?

"உன் கையைப் பிடிச்சிட்டுப் போனா என் வீட்ல சோறு கிடைக்காது தாயி" என்று சிரித்தார் பக்கத்துத் தரகர் அப்துல் மஜீது.

வெயில் உச்சிக்கு ஏறியது. அவள் நெஞ்சில் சித்தப்பா வீட்டு அடுப்பு புகைந்தது.

அப்போது கரைமேல் ஓர் ஊர்வலம். அறுவடைக் கூலி கேட்டுக் கொடியோடு வந்த பண்ணையாட்கள். முன்னால் காளியம்மாள் என்கிற நடவுக்காரி, "அரைப்படி நெல் ஏத்திக் கொடு!" என்று ஆறே அதிரக் கத்திக்கொண்டு போனாள்.

ஒரு பொம்பளை தன் உழைப்புக்கு ஊரறிய விலை கேட்கிறாளே! அம்சவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் அவிழ்த்து விட்டிருந்த மாட்டுவண்டிமேல் தாவி ஏறினாள்.

"மார்வாரி எழுநூறு ரூபா! வயசு நாலு! பின்னங்கால்ல பழைய தழும்பு ஒண்ணு இருக்கு, அதையும் நானே சொல்லிட்டேன்!"

சந்தையே திரும்பிப் பார்த்தது.

"அடிப்பாவி மகளே, தொழிலையே கெடுத்தியே!" என்று அலறினார் மஜீது.

"துண்டை எடுத்து வேர்வையைத் தொடைங்க மாமா!"

ஊர்வலம் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தது. மார்வாரிமேல் காலையிலிருந்தே கண்வைத்திருந்த பண்ணைக் காரியஸ்தர் சிங்காரவேலு மெல்ல நெருங்கி ஒரு விலையை முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க. சத்தமாச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் கரைமேலிருந்து காளியம்மாளின் குரல் பாய்ந்தது. "குதிரைக்கு எழுநூறா? அப்ப எங்க அரைப்படிக்கு மட்டும் ஏன்யா வயிறு எரியுது?"

சிங்காரவேலு குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். சிரிப்பு அலையாய் எழுந்தது!

"அறுநூத்தம்பது!" ஜட்கா வண்டி இராஜாங்கம் கத்தினான்.

"எழுநூறுன்னா எழுநூறுதான்!"

"சரி, எழுநூறு! இனிமே எங்க தெரு மாப்பிள்ளையும் குதிரையிலதான் ஊர்வலம் போவான்!"

பெண்கள் குலவையிட்டார்கள். அதைக் கேட்டு மார்வாரி முன்னங்கால் தூக்கி ஆடியது. அம்சவல்லி ரூபாயை எண்ணி மடியில் முடிந்தாள். அழுதாளா சிரித்தாளா, அவளுக்கே தெரியாது. பொழுது சாய்வதற்குள் மற்ற இரண்டும் விலைபோயின. மஜீதும் தொண்டை கட்டக் கட்டக் கூவிக்கொண்டிருந்தார்.

மறுவாரமே மார்வாருக்கு ரயில் ஏறினாள், புதுக் கருங்குட்டிகள் வாங்க. கட்டுப் போட்ட கையோடு வழியனுப்ப வந்த ஐயாவு ஜன்னலோரம் விம்மினார்.

"உனக்கு இந்தி தெரியாதேடி அம்சா!"

"குதிரைக்கு மட்டும் தெரியுமாக்கும்! போய்ச் சாப்பிடுங்கப்பா."