குச்சைக் கொளுத்திப் பார்த்துவிட்டு அம்மாபேட்டைக்குப் போனேன்

போன மாதம், ஃபோனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, என் பழைய பட்டுச் சேலையின் முந்தானைக் குச்சில் ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்தினேன். உருகி மணியாகச் சுருண்டது. பட்டென்றால் உருகாதாம். இருபத்தாறு வருடங்களுக்கு முன் என் வளைகாப்புக்கு ராசிபுரத்து அண்ணி எடுத்துக் கொடுத்த சேலை அது. என் வாய் சும்மா இருக்குமா? உடனே ஃபோன் போட்டேன்.

"ஏனுங்க அண்ணி, பாலியஸ்டரைக் குடுத்து இத்தன வருசம் ஏமாத்திப்போட்டீங்களே!"

"சரி சாமி" என்று வைத்துவிட்டார். அப்புறம் அழைப்பே இல்லை. தினமும் பேசுகிறவர். மூன்று வாரமாக எனக்குச் சோறே இறங்கவில்லை. சேலையைக் கைதேர்ந்தவரிடம் காட்டிவிடுவது என்று கிளம்பினேன்.

வியாழன் காலை 7.10க்கு நாமக்கல்லில் சேலம் பஸ். ஐம்பத்து மூன்று கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய். ராசிபுரம் வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து, பட்டு நெசவாளர்கள் நிறைந்த அம்மாபேட்டைக்கு ஆட்டோ 150 ரூபாய். (200 கேட்டார், விடுவேனா!)

பழைய பட்டு வாங்கும் கடைக்காரர் சேலையை விரித்தார்.

"எந்த நூலைங்க கொளுத்துனீங்க?"

"குச்சுலங்க."

சிரித்துவிட்டார். "குச்சு பொறவு கட்டுனதுங்க. அது பாலியஸ்டர் நூலு. சேலைக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அடக் கடவுளே! போன வருடம் ஆசைப்பட்டுக் குச்சு கட்டக் கொடுத்தவளே நான்தான்.

இடுப்பில் சொருகும் முனையில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினார். முடி கருகும் வாடை. சாம்பல் விரலில் பொடிந்தது. பிறகு ஒரு ஜரிகை இழையைக் கல்லில் உரசினார். பொன்னிறம் போய் வெள்ளை தெரிந்தது.

"செம்பா இருந்தா செவப்பு தெரியுமுங்க. இது வெள்ளி. கிழிசலும் இல்ல. பன்னெண்டாயிரம் தாரேன், குடுக்கறீங்களா?"

"ஐயோ, வேண்டாமுங்க."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. 11.40 பஸ்ஸில் ஏறி, 25 ரூபாய் டிக்கெட்டில் ராசிபுரத்தில் இறங்கினேன். அண்ணி கதவைத் திறந்தார். "அசல் பட்டுதானுங்க அண்ணி. தப்பு என்னுதுங்க" என்று அழுதுவிட்டேன்.

உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார். ரசம் ஊற்றும்போதுதான் கேட்டார்: "பட்டுன்னு தெரிஞ்சதும் வந்துட்டே சாமி. பாலியஸ்டரா இருந்திருந்தா வந்திருப்பியா?"

நான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

சோதிக்கப் போகிறவர்களுக்கு: நூலைச் சேலையின் உள்முனையில் எடுங்கள், குச்சில் வேண்டாம். இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். ஃபோனை மட்டும் வேறு அறையில் வைத்துவிடுங்கள்.