நான் கழுவி வைத்த ஐஸ்கிரீம் பெட்டிகள்

மாணவர் விடுதிச் சமையலறையைத் துப்புரவு செய்கிறவனுக்கு, ஒரு பிள்ளை எப்படி இருக்கிறது என்று அறிய முகம் தேவையில்லை, பிரிட்ஜைத் திறந்தால் போதும். ஊரார் வீட்டுப் பூஞ்சணத்தைச் சுரண்டிச் சம்பளம் வாங்கும் என் இனத்தவரே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பரீட்சைக் காலம்

ஒக்டோபரில் பிள்ளைகள் வந்திறங்கும்போது பிரிட்ஜ் முழுக்கக் கீரை, முட்டை, தயிர். பரீட்சை நெருங்க நெருங்க அவை காணாமல் போய்விடும். எனர்ஜி டிரிங்கும் கப் நூடுல்ஸும் வரும். கதவுகள் படாரென்று சாத்தப்படும். மதுரையிலிருந்து லண்டனுக்கு மேற்படிப்புக்கு வந்த கார்த்திக், தன் சட்டியை நான் இடம் மாற்றிவிட்டேன் என்று ஒரு நாள் கத்தினான். என் வாயும் சும்மா இருக்காது. "அது சட்டியில்லை, கரி" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரு மாதிரியாகிப் போனது.

பரீட்சை முடிந்த வாரம் சோறும் ரசமும் வைத்துக்கொண்டிருந்தவன், தானாகவே வந்தான்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, பத்து நாளா நூடுல்ஸும் காபியும்தான். யாரப் பாத்தாலும் எரிச்சலா வந்துச்சு."

நான்காம் தட்டு

பிரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு. நான்காவது சிந்துஜாவுடையது, முதலாம் வருடம். எங்கள் விடுதி லண்டனின் மேற்கு ஓரம், அவள் வீடு பார்க்கிங் என்கிற இடத்தில், கிழக்கு ஓரம். தாய் ஞாயிறுதோறும் ரயிலேறி வந்து, கணவாய் மீன் கறி, பருப்பு, கீரை, புட்டு என்று பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளில் அடுக்கிவிட்டுப் போவார்.

அந்தப் பெட்டிகள் திறக்கப்படுவதில்லை என்பதைக் கண்டேன். "சாப்பிட்டாச்சோ பிள்ளை?" என்று கேட்டால், "ஓம் அங்கிள்" என்பாள். நம்மில் யார் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறோம்? பழுதானதை வெள்ளிக்கிழமை வீசவேண்டும் என்பது விடுதிச் சட்டம். வீசினேன். அதோடு விட்டேனா? பெற்ற மனம் நோகக்கூடாதென்று பெட்டிகளைக் கழுவி, துடைத்து, அடுக்கியும் வைத்தேன். மூன்று வாரம் இப்படியே போனது.

நான்காம் ஞாயிறு தாய் என்னைக் கண்டு கையெடுத்துக் கும்பிடாத குறை.

"பெட்டியெல்லாம் வெறுமை அண்ணை, பிள்ளை நல்லாச் சாப்பிடுறாள். இப்பதான் எனக்கு நித்திரை வருது."

கழுவாத வாரம்

அன்று எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் சிந்துஜா தேநீர் போட வந்தபோது, அவள் பெட்டிகளை இனி வீசவும் மாட்டேன், கழுவவும் மாட்டேன் என்று நேரே சொன்னேன். அவள் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். வகுப்புக்குப் போய் மூன்று வாரமாம். பிஸ்கட்டும் கோலாவும்தான் சாப்பாடாம். சாப்பிடாததால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்ததால் சாப்பிடவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? "மூடியைத் திறந்தா வீட்டு மணம் வரும் அங்கிள். தனிய இருந்து தின்ன ஏலாது" என்றாள். அவள் சம்மதத்தோடு மாணவர் நலன் அலுவலரிடம் கூட்டிப் போனேன். அவர் வைத்தியரிடம் நாள் எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு தாய் வந்து பிரிட்ஜைத் திறந்தார். பெட்டிகள் நிறைந்தபடி இருந்தன. சிந்துஜா எல்லாவற்றையும் சொன்னாள். நானும் என் பங்கைச் சொன்னேன். தாய் அன்று கொண்டுவந்த புட்டைச் சூடாக்கி, மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் இருவருமாகச் சாப்பிட்டார்கள். மெல்லத்தான் இறங்கியது, ஆனாலும் இறங்கியது. போகும்போது கதவடியில் நின்று என்னைப் பார்த்தார்.

"நீங்கள் ஏன் அண்ணை கழுவினனீங்கள்? பழுதானதைப் பாத்திருந்தா நான் முதல் வாரமே விளங்கியிருப்பன்."

இருபது வருடத் துப்புரவு வேலையில் நான் விட்ட பெரிய பிழை, நான்கு பெட்டிகளை மிக நன்றாகக் கழுவியதுதான்.