எலிசபெத் ஒத்துக்கொண்ட குற்றம்

தங்கச் சுரங்க ஊரான மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை ரயிலில் பதினோரு வருடமாக வைட்ஃபீல்டுக்கு வேலைக்கு வந்தவள் எலிசபெத். ஓர் ஐ.டி. அலுவலகத்தில் தரை துடைப்பாள், கழிவறை கழுவுவாள். சம்பளத்தைவிட அவளுக்குப் பெரியது இ.எஸ்.ஐ. அட்டை. சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன கணவன் சாலமனுக்கு அதில்தான் வைத்தியம்.

அந்த ரயிலில் வருகிறவர்கள் நடைமேடைப் பக்கம் இறங்குவதில்லை. மறுபக்கம் குதித்துத் தண்டவாளத்தைத் தாண்டினால் கம்பெனி பஸ் நிற்கும். மேம்பாலம் ஏறி வந்தால் பஸ் போயிருக்கும். போன வருடம் ஒருநாள் ரயில்வே பாதுகாப்புப் படை காத்திருந்து எலிசபெத்தையும் சேர்த்து இருபத்திரண்டு பேரைப் பிடித்தது.

கோர்ட்டில், கூடப் பிடிபட்டு வரிசையில் முன்னால் நின்ற அர்ஜுனன் திரும்பினான். “யக்கா, தப்பு செஞ்சியான்னு ஜட்ஜு கன்னடத்துல கேப்பாரு. ‘ஹௌது சாமி’ன்னு ஒத்துக்க. அஞ்சு நிமிஷத்துல வெளிய. இல்லன்னு சொன்னே, வாய்தா வாய்தாவா அலையணும்.”

எலிசபெத்தும் ‘ஹௌது சாமி’ என்றாள். அபராதத்தைக் கட்டிவிட்டு மதியத்துக்குள் வேலைக்குப் போய்விட்டாள். ரயிலில் வருகிறவர்களிடம் அதற்குப் பெயர் ஃபைன். வழக்கு என்று யாரும் நினைக்கவில்லை.

இந்த மார்ச்சில் துப்புரவு ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்கு மாறியது. பழைய ஆட்களும் புதிதாகப் படிவம் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் வீணா கேட்டுக் கேட்டு நிரப்பினாள்.

“எந்த வழக்குலயாவது தண்டனை வாங்கிருக்கீங்களா?”

“என்னப் பாத்தா திருடி மாதிரியா கீது, வீணாம்மா?”

இருவரும் சிரித்தார்கள். வீணா ‘இல்லை’ என்று எழுதினாள்.

மூன்றாம் வாரம் போலீஸ் சரிபார்ப்பு வந்தது. ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவு, அத்துமீறி நுழைந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை.

“லைன் தாண்டினதக்கூட விட்டிருப்பாங்க. மறைச்சிட்டீங்கன்னுதான் வேலைய விட்டு எடுக்குறாங்க,” என்றாள் வீணா. நிமிர்ந்து பார்க்கவில்லை.

எலிசபெத் அந்தப் போலீஸ் காகிதத்தோடு ரிச்சர்ட்ஸ் டவுனில் லாயிட் என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தாள்.

“சின்ன அபராதம், அதுவும் நீங்களே ஒத்துக்கிட்டது. அப்பீல் கிடையாதும்மா.”

“பஸ்ஸு பூடும்னுதான் சார் குதிச்சேன். வேலைக்கு லேட்டாவுதுன்னுதான் ஒத்துக்கினேன். சொன்னத திரும்ப வாங்கிக்க முடியாதா?”

அவர் காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

இப்போதும் அதே ரயிலில் வருகிறாள். கன்டோன்மென்டில் இறங்கி இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். வீட்டு வேலைக்கு இ.எஸ்.ஐ. இல்லை. பழைய அட்டை டிசம்பர்வரைதான் செல்லும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சாலமனுக்கு எதுவும் தெரியாது.

டிசம்பரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் மூச்சு வாங்க நின்றான்.

“ஜனவரில அட்மிட் பண்றேன்னு சொல்லிகீறாரு. உங்க ஆபீஸ்ல இப்பவே லீவு சொல்லி வையி.”

“சொல்றேன்,” என்றாள் எலிசபெத்.