மேயருக்குப் பக்கத்தில் எங்கள் பெண்

என் கணவர் மதுரைக்காரர். அரசியலில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பதைத் தலைவருக்குப் பக்கத்தில் நிற்பவர்களை வைத்தே சொல்லிவிடுவார். மஸ்கட்டின் ரூவி பகுதிக்குக் கணக்கர் வேலைக்கு வந்து பாதி ஆயுள் போன பிறகும் அந்தப் பார்வை மட்டும் மாறவில்லை. இங்கே எங்களுக்கு ஓட்டும் இல்லை, கட்சியும் இல்லை. அதனால் அந்தத் திறமை முழுவதும் அமெரிக்காவில் ஒரு நகரத்தின் மேயர் மேல் போய் விழுந்தது.

காரணம் எங்கள் ஒரே மகள், பாப்பா. அந்த ஊரில் படித்து, அங்கேயே கல்யாணம் முடித்து, நல்ல கம்பெனியில் இருந்தவள், வேலையை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் தேர்தல் வேலைக்குப் போய்விட்டாள். வாடகையை ஏற்றவிட மாட்டேன், பஸ் கட்டணத்தைக் குறைப்பேன் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டிய இடதுசாரி மனிதர் அவர். "கொடி பிடிக்கவா உன்னையப் படிக்க வச்சேன்?" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்த இவர், அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வாத்தியார் ஜெயித்து மேயரானார். அப்போதும் பேசவில்லை. நான்தான் பேசுவேன்; இவர் அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஆனால் மேயர் போடும் படம் ஒன்றையும் விடமாட்டார். அவர் நூலகம் திறந்தாலும், பஸ் டிரைவர்களோடு காபி குடித்தாலும், இவர் விரல் கூட்டத்தில் பாப்பாவைத்தான் தேடும். "இன்னைக்கு ரெண்டாவது ஆளா நிக்கிறா பாரு" என்பார். அடுத்த வாரம் அவள் கதவோரம் நின்றால் இவருக்குச் சோறு இறங்காது. எங்கள் ஃப்ளாட்டுக்கு வாடகை ஏறிய அன்று, "இந்தாளு இங்க மேயரா இருந்திருக்கணும்டி" என்று, யார் காதில் விழுமோ என்று சொந்தச் சமையலறையிலேயே குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாவமாகவும் இருந்தது.

இரண்டாவது தேர்தலில் மேயர் தோற்றுப்போனார். பஸ் கட்டணம் குறைந்தது. வாடகை சொன்னபடி நிற்கவில்லை. ஜனங்களுக்கு அந்தக் கோபம். அங்கே ராத்திரி முடிவு வந்தபோது எங்களுக்குக் காலை நேரம். இவர் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். மேயர், அவர் மனைவி, கூட உழைத்தவர்கள் எல்லோரும் தோளில் கை போட்டுக்கொண்டு மேடையில் நிற்கும் படம் வந்தது. பெரிதாக்கி வரிசை வரிசையாகப் பார்த்தார். பாப்பா இல்லை.

"தோத்ததும் பழியப் பிள்ள மேல போட்டு ஓரங்கட்டிட்டாய்ங்கடி!"

"இருங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்று நான் சொல்வதற்குள் அவரே அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"பாப்பா, ஃபோட்டோல உன்னையக் காணோமே? யாரு தள்ளிவிட்டது?"



"அப்பா... அந்த ஃபோட்டோவ எடுத்ததே நான்தான்ப்பா." பிறகு அவள் குரல் உடைந்தது. "லூஸ் பண்ணிட்டோம்ப்பா."

இவர் கண் கலங்கியதை என்னிடமிருந்து மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அழாத பாப்பா. அடுத்த தடவ நாம ஜெயிச்சிருவோம். ஆனா அன்னைக்குக் கேமராவ வேற யார்ட்டயாவது குடுத்துட்டு, நீ அவரு பக்கத்துல நில்லு."